அட்டை ஓரத்தில் எழுதிய ஒரு சொல்

அன்புள்ள நர்சக்காவுக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். "எங்க வேலைதானே புள்ள, இதுக்குப் போயிப் பேரெல்லாமா" என்றீர்கள். அதனால் ஊர் உங்களைக் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன். ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள நாலு ஊருக்கும் நர்சக்கா என்றால் நீங்கள் ஒருவர்தான்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னமோ ஆகுது" என்று யாரிடமும் சொல்ல முடியாமல் இன்று இரவு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணிலும் இது பட வேண்டும்.

என்னுடைய தாய் சேய் அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கர்ப்பப்பை உயரம், பிள்ளையின் இதயத் துடிப்பு, தடுப்பூசித் தேதி என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். மனசுக்கு மட்டும் கட்டம் இல்லை. 11.7.2023 என்று தேதி போட்ட வரிசைக்குப் பக்கத்தில், அச்சு முடிந்து வெள்ளைக் காகிதம் தொடங்குகிற ஓரத்தில், நீலப் பேனாவால் நீங்கள் எழுதியது இருக்கிறது: "பயம். படபடப்பு 4 தடவை. தூக்கம் இல்லை. வியாழன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க."

அந்த ஓரத்து எழுத்துக்குத்தான் நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்லாத சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அந்தப் படபடப்பு வந்தது பேருந்தில். ஜூன் மாதம், நாலாவது மாதம் முடிகிற நேரம். புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம், ஆனாலும் எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்திருந்தது. திருவரங்குளம் தாண்டுகிற சமயத்தில் நெஞ்சுக்குள் யாரோ உரலில் குத்துகிற மாதிரி அடிக்க ஆரம்பித்தது. காற்று உள்ளே போகவில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது, வியர்வையில் ரவிக்கை நனைந்தது. நான் சாகப் போகிறேன், பிள்ளையும் என்னோடு சாகப் போகிறது என்று அந்த நிமிடம் எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை. பேருந்து நிலையம் வருவதற்குள் அது வந்த மாதிரியே வடிந்துவிட்டது. இறங்கி ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். வீட்டில் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை நடுராத்திரியில் வந்தது. அத்தை (என் மாமியார்) பயந்து ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல். ஒண்ணும் இல்லை, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்ற சொல் எவ்வளவு கனமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் இல்லை என்றால், செத்துப் பிழைத்து வந்திருக்கிற நான் பொய் சொல்கிறேனா? என்ன வந்தது என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி வருமா, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. "டென்ஷன் ஆகாதீங்க" என்பது மருந்துச்சீட்டு இல்லையே அக்கா.

அதற்குப் பிறகு அவரவர் அன்புக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அத்தை கோயிலில் திருநீறு மந்திரித்துக் கயிறு கட்டினார். எனக்கு அதில் குறையில்லை. அந்தக் கயிறு கையில் இருந்தபோது, யாரோ எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற தெம்பு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "உனக்கென்னடி குறைச்சல், சிங்கப்பூர் சம்பாத்தியம், தங்கமான மாமியா" என்றார். அதுவும் உண்மைதான். குறைச்சல் இல்லாதவளுக்குப் பயம் வரக் கூடாது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்ததால்தான் வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

எல்லாரும் பாசத்தோடு சொன்ன ஒரு வாசகம் என்னை அதிகமாகக் கொன்றது. "பயப்படாதம்மா, தாயி பயந்தா புள்ளைக்கு ஆகாது." அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இரண்டு பயம். படபடப்பு எப்போது வருமோ என்பது ஒன்று. அது வந்தால் பிள்ளையை நானே கெடுத்துவிடுவேனோ என்பது இன்னொன்று. பயத்துக்குப் பயந்தே ஒவ்வொன்றாக விட்டேன். பேருந்தில் ஏறுவதை விட்டேன். நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு போட்டேன். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளித்தேன். நெஞ்சு அடிப்பது அதனால்தானோ என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தி, தலையணை உறைக்குள் ஒளித்துவைத்தேன். ராத்திரி கண்ணை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று தோன்றும். விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இருந்தபோதுதான் செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அத்தையோடு வந்தேன். வரிசையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எடை பார்த்தீர்கள். போன தடவையை விட ஒரு கிலோ குறைந்திருந்தது. அட்டையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். "தூங்குறியா?" என்று கேட்டீர்கள். சாப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். தூங்குகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். என்னை நகர்த்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட உங்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் நீங்கள் ஓரமாக உட்காரவைத்து, "எத்தன தடவ வந்துச்சு? எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று காய்ச்சலைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரித்தீர்கள். கேட்டதை எழுதினீர்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்த அந்த நேரத்தில்தான், எனக்கு வந்திருப்பது ஒரு நோய், என் குணக்கேடு இல்லை என்று முதன்முதலாகத் தோன்றியது.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தீர்கள். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர்ச் செம்பைக் கீழே வைப்பதற்குள் எனக்கு அது வந்துவிட்டது. எனக்கு இன்றும் அதுதான் ஆச்சரியம்: நீங்கள் பதறவில்லை. அத்தை வண்டி பிடிக்க ஓடப் போனபோது கையமர்த்தினீர்கள். நாடி பிடித்தீர்கள், உதடு நகம் பார்த்தீர்கள், அழுத்தம் பார்த்தீர்கள். பிறகு உங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் திண்ணையில் வைத்தீர்கள்.

"மணி பத்து இருவது. இது பத்து நிமிஷத்துல உச்சிக்கு ஏறும், அப்புறம் தானா எறங்கும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். பாத்துக்கிட்டு மட்டும் இரு. நான் எங்கயும் போகல."

பத்து இருபத்தைந்துக்குக் கை நடுங்கியது. பத்து முப்பதுக்கு இதற்கு மேல் முடியாது என்றிருந்தது. "சூடா டீ இருந்தா எப்படி ஊதுவே? அப்படி ஊது. இழுக்கறதப் பத்திக் கவலப்படாத, ஊதறத மட்டும் நீட்டு" என்றீர்கள். இல்லாத டீயை இரண்டு பேரும் ஊதினோம். பத்து நாற்பதுக்கு என் தோள் இறங்கியது. பத்து நாற்பத்தைந்துக்கு அத்தை கொண்டுவந்த நிஜமான டீயைக் குடித்தேன்.

அது அடங்கிய கையோடு நீங்கள் இன்னொன்று செய்தீர்கள். உள்ளே கூட்டிப்போய் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, டாப்ளரை வயிற்றில் வைத்தீர்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பு, 144. "நூத்துப்பத்துலேருந்து நூத்தறுவது வரைக்கும் இருக்கலாம். ஒன் நெஞ்சு இப்ப அம்புட்டுப் பாடு பட்டுச்சு. உள்ள இருக்கற ஆளு அது பாட்டுக்கு அது வேலையப் பாத்துக்கிட்டு இருக்கு, கேட்டியா?" என்றீர்கள். இப்படி வந்து போகிற படபடப்பால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்றீர்கள். கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டால்தான் பிள்ளையின் எடைக்கும் நாள் நிறைவதற்கும் நல்லதில்லை, அதற்குத்தான் வைத்தியம் என்றும் சொன்னீர்கள். வாரக்கணக்காக என் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்த இரண்டாவது பயம் அந்தச் சத்தத்தைக் கேட்டு இறங்கிப்போனது. எத்தனை பேர் "பயப்படாதே" என்றார்கள். நீங்கள் மட்டும்தான் காதால் கேட்க வைத்தீர்கள்.

அன்று நீங்கள் சொன்ன விளக்கத்தை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "கஜா ராத்திரி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டீர்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல். அதை இந்தப் பக்கத்தில் மறந்தவர் யார்? அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓட்டுவீடு. காற்றில் ஓடு ஒவ்வொன்றாகப் பறக்க, மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு அப்பாவும் நானும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். விடிந்து பார்த்தால் தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. "அன்னிக்கு ஒன் நெஞ்சு எப்படி அடிச்சுச்சு? மூச்சு எப்படி வாங்குச்சு? அது அப்படி அடிச்சதாலதான் கால் ஓடுச்சு, உசுரு பொழச்சீங்க. அதே மணிதான் இப்ப அடிக்குது. புயல் இல்லாம அடிக்குது, அவ்வளவுதான். மணி கெட்டுப்போகல, ஒடம்பும் கெட்டுப்போகல."

கர்ப்பத்தில் ஏன் இந்த மணி லேசாகத் தட்டினாலே அடிக்கிறது என்பதையும் சொன்னீர்கள். ரத்தம் நாற்பது ஐம்பது சதவீதம் கூடிவிடுகிறது. அதை ஓட்ட இதயம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை அதிகம் துடிக்கிறது. கர்ப்பத்தில் சுரக்கிற புரொஜெஸ்ட்ரோன், மூச்சை வழக்கத்தைவிட ஆழமாக இழுக்க வைக்கிறது. மாதம் ஏறிய பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை கிறுகிறுக்கும். இதெல்லாம் எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் நடப்பது. பயந்த மனசு இதையெல்லாம் ஆபத்து என்று படித்துவிடுகிறது. ஆபத்து என்று நினைத்ததும் வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். வாங்க வாங்க ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் உதடு மரப்பதும் விரல் குத்துவதும். காற்று போதவில்லை என்று தோன்றுகிற அந்த நேரத்தில் உண்மையில் காற்று அதிகம். டீ ஊதச் சொன்னது அதற்குத்தான். நான் பி.எட். படித்தவள், வகுப்பில் பாடம் நடத்துகிறவள். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் நடத்தியதில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் பயம் என்று நீங்கள் தள்ளிவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். "படபடப்புன்னா பயம் மட்டும்தான்னு முடிவு பண்ணக் கூடாது. ரத்தசோகைக்கும் அடிக்கும், தைராய்டுக்கும் அடிக்கும்" என்று சொல்லி இரண்டுக்கும் ரத்தம் எடுக்க வைத்தீர்கள். தைராய்டு சரியாக இருந்தது. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.4. தலையணை உறைக்குள் இருந்த மாத்திரைகளை அன்று எடுத்து உங்களிடம் காட்டினேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "இருவத்தாறு. சரி, இன்னிலேருந்து ஆரம்பிப்போம்" என்றீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா பார்த்து இரும்புச்சத்து ஊசியும் ஏற்றினார்கள். ரத்தம் ஏற ஏறப் பாதிப் படபடப்பு குறைந்தது என்பதும் உண்மை.

படிக்கிற பெண்களுக்காக நீங்கள் சொன்ன எச்சரிக்கையையும் எழுதிவிடுகிறேன். மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலி விடாமல் இருந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், படுத்தாலே மூச்சு முட்டினாலும், கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலும், ரத்தப்போக்கு இருந்தாலும், பிள்ளை அசைவு குறைந்தாலும் அதைப் பயம் என்று நினைத்து ஊதிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108. முதல் தடவை படபடப்பு வருகிறவர்களும் ஒரு மருத்துவரிடம் காட்டி, வேறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊதுவதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஜூலைக் கடைசியில் மறுபடி தூக்கம் போனது. ஒரு ராத்திரி, நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வாராவாரம் கேட்கிற கேள்விகளில் அதையும் நேரடியாகக் கேட்டதால் உங்களிடம் சொன்னேன். "இத நான் மட்டும் பாக்கக் கூடாது" என்று அன்றைக்கே திண்ணையில் இருந்து 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கினார்களாம். காசு இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் பேசிய பெண் அவசரப்படவே இல்லை. அடுத்த வாரமே மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடானது.

அப்போதுதான் வீட்டில் வெடித்தது. "மனநல டாக்டரா? எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று அத்தை அழுதார். என் கணவர் சிங்கப்பூரில் இருந்து வீடியோவில், "கர்ப்பத்துல மாத்திரை எதுவும் வேணாம், ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன ஆகும்" என்றார். நீங்கள் யாரையும் அதட்டவில்லை. அத்தையிடம், "ரத்தம் கொறஞ்சா ஊசி போடுறோம்ல அத்தை, தூக்கம் கொறஞ்சாலும் அப்படித்தான்" என்றீர்கள். போனை வாங்கி அவரிடம், "தம்பி, நீங்க பயப்படறது நியாயம். டாக்டர்ட்ட நீங்களே வீடியோல கேளுங்க, எல்லாக் கேள்வியும் கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றீர்கள். இரண்டே வாக்கியத்தில் அவர் எதிராளியாக இல்லாமல் என் பக்கத்து ஆளாக மாறினார்.

டாக்டர் முதலில் பேச்சு மூலமான சிகிச்சைதான் தொடங்கினார். பயம் வரும்போது மனசுக்குள் என்ன வாசகம் ஓடுகிறது என்று நோட்டில் எழுதச் சொன்னார். விட்ட காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கச் சொன்னார்: முதலில் குளியலறைத் தாழ், பிறகு தெருமுனைக் கடை, பிறகு பேருந்தில் ஒரே ஒரு நிறுத்தம். அந்த ஒரு நிறுத்தத்துக்கு அத்தை கூட வந்தார். இறங்கி இருவரும் நடந்தே திரும்பினோம். பிறகு செர்ட்ராலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பலருக்கும் கொடுக்கப்படுவது, இதில் உள்ள சிறு ஆபத்து இது, கொடுக்காமல் விட்டால் உள்ள ஆபத்து இது என்று இரண்டையும் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். எனக்குக் கொடுத்தது எல்லாருக்கும் பொருந்தாது. பலருக்கு மாத்திரை தேவையே படாது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பிள்ளை உண்டானது தெரிந்ததும் தாங்களாகப் பட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

ஆவணியில் வளைகாப்பு. எனக்கு அம்மா இல்லை என்பதால் அத்தையே தாய்வீட்டுச் சீரையும் சேர்த்துச் செய்தார். கூடம் நிறைய ஆட்கள், சந்தனம், சாம்பிராணிப் புகை, ஏழு வகைச் சாதம். கை நிறைய வளையல் ஏறிக்கொண்டிருந்தபோது கழுத்தோரம் அந்தப் பழைய சூடு ஏற ஆரம்பித்தது. எழுந்து ஓட முடியாது. எல்லார் கண்ணும் என் மேல். சிரித்துக்கொண்டே செத்துக்கொண்டிருந்தேன். கதவோரம் பார்த்தேன். நீங்கள் சீருடையோடு நின்றிருந்தீர்கள். வேறு எங்கோ தடுப்பூசி முடித்துவிட்டு வந்திருப்பீர்கள். கையில் காபி டம்ளர். என்னைப் பார்த்தபடி அதை மெல்ல ஊதினீர்கள். குடிக்கவில்லை, ஊதினீர்கள், மறுபடி ஊதினீர்கள். நானும் உதட்டைக் குவித்தேன். கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்த சித்திக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு எடுத்த படத்தில், தலைகுனிந்து வாயைக் குவித்திருக்கிற என்னைப் பார்த்து, வெட்கப்படுகிறாள் என்று சொல்கிறார்கள்.

கார்த்திகை முதல் வாரம், நல்ல மழையில், புதுக்கோட்டை அரசு இராணியார் மருத்துவமனையில் மகள் பிறந்தாள். கூட ஒருவர் இருக்கலாம் என்றதால் அத்தை உள்ளே வந்தார். வலி ஏறியபோது படபடப்பும் கூடவே வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊதுடி, டீ ஊதுடி" என்று அத்தை தானும் சேர்ந்து ஊதினார். உங்களிடம் எப்போது கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. மனநல டாக்டரா என்று அழுத அதே அத்தை.

மகப்பேறு நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்தத் திட்டத்தின் பெயரை மறுபடி பார்த்தேன்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 18,000 ரூபாயும் அதில் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகமும் எல்லாருக்கும் தெரியும். அவர் நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மன்னர் கல்லூரியில் பெண் ஒருத்தி படிப்பதா என்று கேட்ட காலத்தில் படித்தார். தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை வைத்துக்கொண்டு 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கினார். அவர் பெயர் போட்ட பெட்டகத்தில் நெய்யும் பேரீச்சம்பழமும் சத்துமாவும் இருக்கின்றன. தாயின் மனசுக்கும் அதில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அவர் இருந்தால் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, நான் தனி ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, உலகத்தில் கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கும் ஏதோ ஒரு மனநலக் கோளாறு வருகிறது. நம் நாட்டைப் போன்ற வளரும் நாடுகளில் அது 15.6, 19.8 சதவீதம். நாற்பது பேர் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையை நினைத்துப் பார்க்கிறேன். என்னைத் தவிர இன்னும் ஐந்தாறு பேர் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் அட்டையில் எடையும் ரத்தமும் மட்டும் எழுதியிருந்திருக்கும்.

உங்கள் மேல் எவ்வளவு சுமை என்பது எனக்குத் தெரியும். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்று கணக்கு. கர்ப்பிணிகளின் பிக்மி பதிவு, தடுப்பூசி, கருத்தடை ஆலோசனை, சர்க்கரை மாத்திரை, பிரசவமான வீடுகள், அதற்கு மேல் மாலையில் கணினியில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம். என் திண்ணையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்து உட்கார்ந்த அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. மேலதிகாரி கேட்டால் காட்டக் கணக்கு இல்லாத வேலை அது. அதனால்தான் கேட்கிறேன், உங்களிடம் இல்லை, இதைப் படிக்கிற பொறுப்பில் உள்ளவர்களிடம்: அந்த அட்டையில் ஒரு வரி போடுங்கள். "தூக்கம் எப்படி? பயம் இருக்கிறதா?" என்று இரண்டே கேள்வி. கூடவே அதைக் கேட்டு உட்கார நர்சக்காமார்களுக்கு நேரமும் ஆளும் கொடுங்கள். கேள்வியை மட்டும் அச்சடித்துவிட்டு நேரத்தைக் கொடுக்காவிட்டால் அது இன்னொரு கட்டமாகிவிடும்.

பிள்ளை பிறந்த பிறகும் நீங்கள் விடவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது குழந்தையை எடை பார்ப்பதற்கு முன்னால் என்னிடம், "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை யார் சாயல் என்று பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. மாத்திரையை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து, மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்த பிறகு நிறுத்தினேன். படபடப்பு அடியோடு போய்விடவில்லை. போன மாதம்கூட, பலத்த காற்றடித்த ஒரு ராத்திரியில் வந்தது. மணி பார்த்தேன், ஊதினேன், இருபது நிமிடத்தில் போனது. திரும்பப் படுத்துத் தூங்கினேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது: தூங்கினேன் அக்கா.

மகளுக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது. புதன்கிழமை பூஸ்டர் ஊசிக்கும் அம்மை ஊசிக்கும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பேருந்தில்தான் வருவோம். கஜாவில் சாய்ந்த பலாவின் அடியில் துளிர்த்து வந்த கன்று இந்த வருடம்தான் முதல் காய் வைத்திருக்கிறது. சுளை எடுத்துத் தூக்குவாளியில் கொண்டு வருகிறேன். மேலத்தெருவில் ஒரு பெண், ஆறாவது மாதம். ராத்திரியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாளாம். நேற்றுப் போய்க் கொஞ்ச நேரம் அவளோடு இருந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அட்டையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நீலப் பேனா எழுத்துக்குச் சொந்தக்காரி